எட்டாம் நம்பர் தொட்டி

எட்டு என்ற எண்ணை ஊர் எல்லையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய ஊர் ஒன்று உண்டு, தும்பைக்குளம் என்று பேர். அந்த ஊரில் ஏழாம் நம்பர் வீட்டுக்கு அடுத்தது ஏழு ஏ, அதற்கடுத்தது ஒன்பது. எட்டாம் தேதி பெண் பார்க்க வந்தவர்களை வேனை விட்டு இறங்கவிடாமல் மோரை மட்டும் கொடுத்து மறுநாள் வரச் சொன்னார்கள். வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறதென்று புது மோட்டார் சைக்கிளை ஓட்டாமலேயே விற்றவரும் அங்கே உண்டு. எட்டு சனீஸ்வரனுடைய எண், கூப்பிட்டால் வருவான், வந்தால் உட்காருவான், உட்கார்ந்தால் ஏழரை வருஷம் எழுந்திருக்க மாட்டான் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த அந்த ஊருக்குத்தான், ஆற்றுத் தண்ணீரோடு கூட எட்டாம் நம்பரும் வந்து சேர்ந்தது.

ஆற்றங்கரையில் ஒரு பம்ப் ஹவுஸ், அங்கிருந்து ஒன்பது ஊருக்குக் குழாய், ஊருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டி, தொட்டியின் காலடியில் ஒரு இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் கை அகலத்தில் ஒரு கன்ட்ரோலர், ஒன்பது கன்ட்ரோலருக்கும் சேர்த்து மண்ணுக்குள் ஓடுகிற ஒரே ஒரு கேபிள். பம்ப் ஹவுஸில் இருக்கிற பெரிய கன்ட்ரோலர் வரிசையாகக் கூப்பிடும்: ஒன்றே, உன் தொட்டியில் எவ்வளவு? ஒன்று சொல்லும். இரண்டே, உன் தொட்டியில் எவ்வளவு? இரண்டு சொல்லும். குறைவென்று சொன்ன ஊருக்கு வால்வு திறக்கும், போதுமென்று சொன்ன ஊருக்கு மூடும். கூப்பிடப்பட்டவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர் வாய் மூடி இருக்க வேண்டும், அந்தக் கேபிளுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

ஏழாம் நம்பர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆவாரங்காடு. இரண்டு வருஷமாக ஒழுங்காகப் பதில் சொல்லி ஒழுங்காகத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. பிறகுதான் தும்பைக்குளத்துத் தொட்டி கட்டி முடிந்து, ஆட்கள் வந்து பெட்டியை மாட்டி, கதவில் சிவப்பு பெயின்ட்டால் ஒரு முழ உயரத்துக்கு எட்டு என்று எழுதிவிட்டுப் போனார்கள். மாலை போடத் திரண்டு வந்த ஊர், மாலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றது.

"சண்முகத்தாயி, அந்த எட்ட எடுத்துரு" என்றார் ஊர்த்தலைவர்.

சண்முகத்தாய் தொட்டி ஆபரேட்டர். ஐம்பத்தொரு வயது, ஏணி ஏறி இறங்கச் சளைக்காத உடம்பு, பேச்சில் மிளகாய். "எடுத்துட்டு என்னத்தப் போட?" என்று கேட்டாள். ஒன்பது என்று போட்டால் ஒன்பதாம் ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். ஏழு என்று போட்டால் ஆவாரங்காட்டுக்காரன் சண்டைக்கு வருவான், ஆனால் அவனோடுதான் ஏற்கெனவே சண்டையாயிற்றே, புதிதாகக் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று ஊர் யோசித்து முடிவு செய்தது. அவள் எட்டை அழித்து ஏழு என்று எழுதினாள். கதவைத் திறந்தபோது உள்ளே, கன்ட்ரோலரின் வயிற்றில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டமும் அதில் எட்டைக் காட்டுகிற ஒரு முள்ளும் தெரிந்தன. வெளியே ஒன்று உள்ளே ஒன்று என்று இருப்பது அவளுக்கு ஆகாது. திருப்புளியை எடுத்து முள்ளையும் ஒரு சொடுக்கில் ஏழுக்குத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

இங்கே அந்தச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆவாரங்காட்டில் நடந்த கபடி இறுதி ஆட்டத்தில் தும்பைக்குளத்து மாசிலாமணி கோட்டை மிதித்தான் என்று நடுவர் விசில் ஊதினார், மிதிக்கவில்லை என்று தும்பைக்குளம் மைதானத்தில் இறங்கியது, மூன்று பேருக்குத் தையல், இரண்டு ஊருக்கும் உறவு அறுந்தது, ஒருவர் மண்ணை ஒருவர் மிதிப்பதில்லை என்று ஆனது. மாசிலாமணி சண்முகத்தாயின் புருஷன். விசில் ஊதிய கொம்பையா அவள் கூடப் பிறந்த தம்பி. இப்போது அவன் ஆவாரங்காட்டுத் தொட்டிக்கு ஆபரேட்டர்.

அன்று சாயங்காலம் பெரிய கன்ட்ரோலர் ஏழே என்று கூப்பிட்டபோது இரண்டு தொட்டிகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லின. இரண்டு பதிலும் கேபிளுக்குள் நேருக்கு நேர் மோதின. மோதிச் சிதறியது பம்ப் ஹவுஸுக்குப் போகவில்லை, மண்ணிலும் ஊறவில்லை, ஆட்களின் வாய்க்கு வந்தது.

சண்முகத்தாய் அப்போது அருளானந்தம் கடையில் நின்றாள். "கால் கிலோ துவரம்பருப்பு, நூறு கடுகு, நாப்பது சென்டிமீட்டர்" என்றாள்.

"நாப்பது சென்டிமீட்டர் எதுல வேணும் மதினி, கயிறா, துணியா?" என்றார் அருளானந்தம்.

"நான் எப்ப கேட்டேன்?"

"இப்பத்தான கேட்டிய."

பத்து நிமிஷம் கழித்து அருளானந்தமே, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்கையில், "முப்பத்தெட்டு சென்டிமீட்டர்" என்றார். அதற்கடுத்த பத்தாவது நிமிஷம் பூசாரி தீபாராதனைக்கு நடுவே முப்பத்தாறு என்றார், அதற்கடுத்தது மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், அதற்கடுத்தது தொட்டிலில் கிடந்த எட்டு மாசக் குழந்தை. அது அம்மா என்றுகூட இன்னும் சொல்லவில்லை, முதல் வார்த்தையே முப்பத்திரண்டு சென்டிமீட்டர் என்று தெளிவாகச் சொன்னது, தாய்க்காரி ஒரு வாரம் அதனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறந்ததிலிருந்து திக்கிப் பேசிய தையல்காரர் சவரிமுத்து எண்ணை மட்டும் திக்காமல் சொன்னார், அதற்காகவே வேலையை நிறுத்திவிட்டுக் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, எப்போது தன் முறை வரும் என்று காத்திருக்கத் தொடங்கினார்.

ஊர் பயப்படவில்லை. தண்ணி பேசுது, பேசிட்டுப் போகட்டும் என்றார்கள். பேச்சுக்கு நடுவே யாருக்காவது எண் வந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வழிவிட்டார்கள், ஆம்புலன்சுக்கு விடுவது போல. எண்ணுக்கு ஒரு ருசியும் இருந்தது. குறைந்த எண் நாக்கைச் சுரண்டிக் காயவைத்தது, கூடின எண் தொண்டை வரை குளிர்ந்தது.

மூன்றாம் நாள் சண்முகத்தாய் ஏணி ஏறித் தன் தொட்டிக்குள் பார்த்தாள். பதில் போய்ச் சேராததால் வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது போல, கழுத்து வரை தண்ணீர், தளும்பி வழிந்துகொண்டிருந்தது. கீழே ஊரோ பதினைந்து சென்டிமீட்டர், பதினைந்து சென்டிமீட்டர் என்று நாக்கு வறண்டு சொல்லிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம், வெயிலில் இன்னொரு தொட்டி தெரிந்தது. மேலேயே நின்றபடி போனை எடுத்து, பதினோரு வருஷமாக அழிக்காமலும் அழுத்தாமலும் வைத்திருந்த நம்பரை அழுத்தினாள்.

"பதினஞ்சு சென்டிமீட்டர்" என்றாள்.

அந்தப் பக்கம் கொம்பையா, "அது எங்க தொட்டில்லா" என்றான். "ஒங்களுக்கு நாலு மீட்டர் பத்து. மூணு நாளா எங்க ஊரு பூரா அதத்தான் சொல்லிட்டுத் திரியுது. குடிக்கத் தண்ணி இல்ல, வாயி மட்டும் ஐஸ் வச்ச மாதிரிக் குளுருது."

"சரி, போன வையி."

"வைக்கேன்."

இரண்டு பேரும் வைக்கவில்லை. காசு தீர்ந்து போனே தன்னால் நின்றது.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த ஊர்க்காரர் அந்த ஊர் எண்ணைச் சொல்வார், அந்த ஊர்க்காரர் இந்த ஊர் எண்ணைச் சொல்வார், சண்முகத்தாயும் கொம்பையாவும் போனில் மாற்றிக்கொள்வார்கள், பம்ப் ஹவுஸ் ஆளுக்குத் தகவல் போகும், அவர் கையால் வால்வைத் திருப்புவார், இரண்டு ஊருக்கும் தண்ணீர் அளவாக வரும். முதல் வாரம் வெறும் எண் மட்டும் போயிற்று. இரண்டாம் வாரம், மூணு இருபது, சாப்பிட்டியா என்று ஆனது. மூன்றாம் வாரம், ரெண்டு அறுபது, ஒன் அத்தானுக்கு முட்டு வலி, கபடி ஆடுன காலுல்லா என்று ஆனது. இருந்தும் ஓடைப் பாலத்தை மட்டும் யாரும் தாண்டவில்லை.

ஆனால் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. வால்வைக் கையால் திருப்புகிற ஆள் தூங்கிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார், கேட்டது நியாயமும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஏழும் எட்டும் மெஷினிலேயே பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கிளைக் குழாயை மூடிவிட்டு லாரியில் தண்ணீர் விடப்படும் என்று கடிதம் வந்தது. இரண்டு நாளைக்கு ஒரு லாரி, வீட்டுக்கு மூன்று குடம். லாரித் தண்ணீரில் பருப்பு வேகாது, பிள்ளைகளுக்குத் தலைமுடி சடை பிடிக்கும், குடத்துக்காகப் பெண்கள் முடியைப் பிடித்துக்கொள்வார்கள்; குழாய் வருவதற்கு முன் பதினெட்டு வருஷம் அந்த வரிசையில் நின்றவள் சண்முகத்தாய். கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டபோது அது நெஞ்சில் குத்தியது.

முதலில் வந்த மெக்கானிக் கேபிளில் பாதியை மாற்றினான், சரியாகவில்லை. இரண்டாவதாக வந்தவர் தும்பைக்குளத்துக் கன்ட்ரோலரையே மாற்றினார், பழையதில் முள் எங்கே நின்றதோ புதியதிலும் அங்கேயே கவனமாக வைத்துவிட்டுப் போனார், சரியாகவில்லை. புதன்கிழமை மூன்றாவதாக வந்தவள் தங்கபுஷ்பம். இருபத்தாறு வயது, திருநெல்வேலியில் கம்பெனி, தோளில் ஒரு பை, பையில் லேப்டாப்பும் மீட்டரும் ஒரு பொட்டலம் காரச்சேவும். அவள் எதையும் மாற்றவில்லை. கேபிளின் இரண்டு நுனியையும் அளந்தாள், ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்தாள், பிறகு ஓடைப் பாலத்தில், கேபிள் பிரிகிற சின்னப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டி, ஒரு மணி நேரம் காரச்சேவு தின்றாள்.

"என்ன பிள்ளே, வேலைய ஆரம்பிக்கலையா?" என்றாள் சண்முகத்தாய்.

"ஆரம்பிச்சிட்டேன் சித்தி. கேக்கேன்."

"என்ன கேக்குது?"

தங்கபுஷ்பம் கொம்பையாவுக்குப் போன் போட்டு அவன் தொட்டியின் கம்பியைக் கழற்றச் சொன்னாள். ஏழு அழகாகப் பதில் சொன்னது. அதை மாட்டச் சொல்லிவிட்டு இந்தத் தொட்டியின் கம்பியைப் பக்கத்துப் பெட்டியில் தானே கழற்றினாள். அப்போதும் ஏழு அழகாகப் பதில் சொன்னது. இரண்டையும் மாட்டியதும் திரையில் எழுத்தெல்லாம் குப்பையாகக் கொட்டியது, அதே நொடியில் சண்முகத்தாய் தன்னையறியாமல் "ஒண்ணு எழுவது" என்றாள்.

"சித்தி, எட்டுன்னு கூப்பிட்டா ஒருத்தரும் பேசல. ஏழுன்னு கூப்பிட்டா ரெண்டு பேர் பேசுதாங்க."

சண்முகத்தாய்க்குப் பொத்தான் அளவு வட்டமும் அதிலிருந்த முள்ளும் ஞாபகத்துக்கு வந்தன. "அது நாந்தான் பிள்ளே திருப்புனேன்" என்றாள். "அது வெறும் நம்பர்னுல்லா நெனச்சேன்."

"அதுதான் அதுக்குப் பேரு சித்தி. வெளிய நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க. உள்ள ஒரு பேருக்கு ஒரு ஆள்தான் இருக்கணும்."

"அப்ப பத்துன்னு வையி. பத்து நல்ல நம்பர்."

"பெரிய பெட்டிக்கு ஒன்பதுக்கு மேல கூப்பிடத் தெரியாது. அதுக்குப் புரோகிராம் எழுதுன ஆளு பூட்டுப் போட்டுட்டு எங்கயோ போயிட்டாரு. தொறந்து எழுத மூணு மாசம் ஆகும். ரெண்டு ஊர்ல ஒண்ணு எட்டா இருந்துதான் ஆகணும். சொல்லுங்க, ரெண்டு செகண்டு வேல." அவள் திருப்புளியை எடுத்தாள். சண்முகத்தாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரைக் கேட்காமல் எப்படி?

வியாழக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது. எட்டு ஆகாது என்றார்கள். இரண்டு வருஷம் ஏழாக இருந்து அனுபவித்தது ஆவாரங்காடு, இனி அவர்கள் எட்டாகட்டும் என்றார்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் பாவம் அதிகம், கோட்டை மிதிக்காதவனை மிதித்தான் என்றவர்கள் என்றார்கள். கடைசியில் சவரிமுத்து எழுந்து நின்றார், ஊர் பொறுமையாகக் காத்திருந்தது. "அ... அத... அதச் சரி பண்ணிட்டா எ... எண்ணு வ... வராதா?" என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டார்.

"வராதுண்ணே" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

முடிவில்லாமல் கூட்டம் கலைந்தது. ஆவாரங்காட்டிலும் அப்படித்தான் என்று போனில் சொன்னான் கொம்பையா. "எங்க ஆளுக எட்டுன்னு சொன்னாலே காதப் பொத்துதாங்கக்கா."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே லாரி வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. அதன் துருப்பிடித்த குழாயிலிருந்து சொட்டியதை ஒரு ஆடு நக்கிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. யார் வீட்டிலிருந்தோ ஒரு குடம் அதற்குள் வரிசைக்கு வந்துவிட்டது, அதன் பின்னால் இன்னொன்று.

நாலரை மணிக்குச் சண்முகத்தாயின் வாய்க்கு ஒரு எண் வந்தது: இருபது சென்டிமீட்டர். கிளைக் குழாயில் அழுத்தத்தை இப்போதே குறைத்துவிட்டார்கள் போல. நாக்கு ஓடு மாதிரிக் காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. இது என் தாகமில்லை, என் தொட்டியில் தண்ணீர் கிடக்கிறது, இது கொம்பையா தாகம், அவன் பேத்தி தாகம், நான் விளையாடி வளர்ந்த தெருவில் இருக்கிற அத்தனை பேர் தாகம் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக அவர்களுக்காக என் நாக்கு காய்ந்திருக்கிறது, எனக்காக அவர்கள் தொண்டை குளிர்ந்திருக்கிறது, இதற்குமேல் ஏழென்ன எட்டென்ன. சனி வந்தால் வரட்டும், வெயிலில் நடந்து வருகிறவன், அவனுக்கும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். அவள் பெட்டியைத் திறந்து திருப்புளியை வைத்து முள்ளை எட்டுக்குத் தள்ளினாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது, யாரும் தடுக்கவில்லை.

போன் அடித்தது. பாலத்திலிருந்து தங்கபுஷ்பம். "சித்தி! இப்ப ஏழுன்னு கூப்பிட்டா ஆளே இல்ல. எட்டுன்னு கூப்பிட்டா ரெண்டு பேர் பேசுதாங்க!"

சண்முகத்தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தாள், "பதினெட்டு சென்டிமீட்டர்" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏலே, என்ன செஞ்ச?"

"நீ என்ன செஞ்ச?"

"நான் எட்டாக்கிட்டேன்."

"நானும்தான்" என்றான் கொம்பையா. "ஒன் நாக்கு ருசி மூணு வாரமா என் வாயில கெடக்கு. நீ தண்ணியில்லாம நிக்கத நான் பாக்கவா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஊரில் யாரோ சிரித்தார்கள், அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள், எட்டு வேண்டாம் என்று பதினெட்டுக் காரணம் சொன்ன ஊர்த்தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நீ ஏழுக்குப் போக்கா. எட்டு எங்ககிட்ட கெடக்கட்டும்."

"எனக்குப் புத்தி சொல்லாத. நீயே போ."

"முடியாது."

"ஏலே, நான் ஒனக்கு மூத்தவ! ஒனக்கு முன்னாடி பொறந்து, ஒனக்கு முன்னாடி அடி வாங்கி, ஒனக்கு முன்னாடி எல்லாம் பட்டவ. எட்டு எனக்குத்தான். மணியப் பாரு, திருப்புல!"

மணி நாலு ஐம்பத்தாறு. அந்தப் பக்கம் சொடுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தங்கபுஷ்பத்தின் திரையில் ஏழே என்று கூப்பிட ஒரு பதில் வந்தது, எட்டே என்று கூப்பிட ஒரு பதில் வந்தது, ஒன்றின் மேல் ஒன்று விழாமல், தெளிவாக. பம்ப் ஹவுஸ் ஆள் போனில், "சார் பாத்துட்டாரு, சரின்னுட்டாரு" என்றார். சற்று நேரத்தில் ஆவாரங்காட்டுக் குழாய் இருமி, காறி, காற்றைத் துப்பி, பிறகு தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் ஓடை தாண்டிக் கேட்டது. லாரி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பத்து நிமிஷம் கழித்து இரண்டு ஊரிலும் எல்லாரும் லேசாக வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. சவரிமுத்து ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டார். "வரல, நின்னு போச்சு" என்றார். அதைத் திக்காமல் சொன்னதை அவர் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் சொல்லவும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்ததும் ஊர்ப் பெண்கள் தொட்டியடிக்கு வந்து, பெட்டிக் கதவில் மறுபடி எழுதிய எட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, வந்த சனீஸ்வரனை நிற்க வைப்பானேன் என்று ஒரு எள்ளெண்ணெய் விளக்கும் ஏற்றினார்கள். சண்முகத்தாய்க்கு அதில் மனம் நிற்கவில்லை. எழுந்ததிலிருந்து வாய் வெறுமையாக இருந்தது. தம்பி ஊர்த் தொட்டியில் எவ்வளவு என்று கன்ட்ரோலருக்குத் தெரியும், பம்ப் ஹவுஸுக்குத் தெரியும், அவள் நாக்குக்குத் தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். ஓடைப் பாலத்தில் ஏறினாள், இறங்கினாள், ஆவாரங்காட்டு மண்ணில் கால் வைத்தாள். பின்னால் தும்பைக்குளம் பாலம் வரை வந்து நின்றது. முன்னால் ஆவாரங்காடு வாசலுக்கு வந்து நின்றது.

கொம்பையா தொட்டிக்குக் கீழே இருந்தான். தலை நரைத்திருந்தது, அவளுக்குத் தெரியாமல். "என்னக்கா?" என்றான்.

"வாய்க்கு ஒண்ணும் வரல. அதான் கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"போன் போட்டாச் சொல்லிருப்பேன்லா?"

"நீயா? எங்க வீட்டு ஆளு கோட்ட மிதிச்சாருன்னு சொன்னவந்தான நீ. ஒன் சொல்ல நம்பச் சொல்லுதியா?"

"மிதிச்சாருக்கா" என்றான் கொம்பையா, ஏணியைப் பிடித்துக்கொண்டே.

"மிதிச்சாருதான். எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு அவள் ஏறத் தொடங்கினாள்.

அறுபது படி. மேலே போய் இரும்பு மூடியைத் தூக்கினாள். உள்ளே குளிர்ச்சி முகத்தில் அடித்தது, இருட்டுக்குள் தண்ணீர் மினுங்கி ஆடியது, பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் போட்ட அளவுக் கோடுகளை அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவசரப்படாமல் படித்தாள். அவள் நிமிர்ந்து, இரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி, "நாலு மீட்டர் இருபது!" என்று கத்தினாள்.

நாலு மீட்டர் இருபது என்று தொட்டியடியில் நின்றவர்கள் சொன்னார்கள், நாலு மீட்டர் இருபது என்று வாசலில் நின்றவர்கள் சொன்னார்கள், பாலத்தில் நின்றவர்களும் சொன்னார்கள், யாரும் வந்து சொல்லவைக்காமல், அவரவர் வாயால் அவரவரே சொன்னார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான்.